பசு பருவத்துக்கு வந்த கிரகப்பிரவேசம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போயிற்று. அதற்குப் பிறகு செங்கல் சூளை, கோழிப் பண்ணை, லாரி கிளீனர் என்று சுற்றிவிட்டு, பெரிய காஞ்சிபுரத்தில் ஓர் அக்கா வீட்டில் மாடு பார்க்கச் சேர்ந்தேன். இரண்டு வேளைச் சோறு, கொட்டகையில் பாதி இடம். மறு பாதி மாட்டுக்கு. அது எனக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தது.

அக்காவின் புருஷன் தறியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். வீட்டுச் செலவில் பாதியை அந்த ஒற்றைக் கலப்பினப் பசு பார்த்துக்கொண்டது. தினமும் பால், முகூர்த்த நாளில் கிரகப்பிரவேசம். புது வீட்டுக்குள் கன்றோடு ஒரு பசு முதலில் நுழைய வேண்டும் என்பதால் ஆட்கள் தேடி வருவார்கள்.

கன்று போட்டு ஆறு மாதமாகியும் மாடு பருவத்துக்கு வரவில்லை. பருவம் தெரியாமல் சினை ஊசி போட முடியாது. சினை பிடிக்காவிட்டால் அடுத்த கன்று இல்லை, பாலும் வற்றிவிடும்.

"சனிக்கெழம புரோக்கர் வராரு. இத்தக் குடுத்துட்டு வேற மாடு பாத்துக்கலாம்" என்றாள் அக்கா.

"ஏன், வெள்ளிக்கெழமையே வரச் சொல்றதுதான?"

"வெள்ளிக்கெழம லட்சுமிய எவனாச்சும் வெளிய அனுப்புவானாடா?"

சனிக்கிழமை அது லட்சுமி இல்லை போலிருக்கிறது.

மாட்டு டாக்டர் இரண்டு மாதம் முன்பே சொல்லியிருந்தார்: "தின்றதெல்லாம் பாலாப் போவுது. பத்தலன்னா ஒடம்பையும் கரைச்சி ஊத்துது. ஒடம்பு தேறாம பருவம் எங்கேந்து வரும்? கன்னுக்குட்டியயும் ஓயாம மடியில வுடாத." எனக்கு அது உடனே புரிந்தது. சூளையில் அரைப்பட்டினியாகக் கிடந்த நாட்களில் எனக்கும் கல்யாண நினைப்பு வந்ததேயில்லை.

அன்றிலிருந்தே புண்ணாக்கைக் கூட்டினேன், தாது உப்பு கலந்தேன், கன்றைத் தள்ளிக் கட்டினேன். விலா எலும்பு மறைந்தது. ஆனால் பருவத்துக்கு வந்த மாடு கத்துவதுபோல் அது ஒருநாளும் கத்தவில்லை. எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது.

"வந்து வந்து போயிருக்கும்கா. நமக்குத்தான் தெரில."

"வந்தா சொல்லாதா?"

"யார்கிட்ட சொல்லும்? பருவத்துக்கு வந்தா இன்னொரு மாட்டு மேல ஏறும், இல்ல அது ஏறுனா நிக்கும். இது தனியாக் கட்டிக் கெடக்குது. உன் மேலயா ஏறும்?"

விளக்குமாறு பறந்து வந்தது. சனிக்கிழமை மட்டும் தள்ளிப்போகவில்லை. விலையைக் குறைக்க, அது மலட்டு மாடு என்று புரோக்கர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை விடியற்காலை ஏனாத்தூரில் ஒரு கிரகப்பிரவேசம். மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தவர் கட்டிய வீடு. வீடியோவில் எடுப்பாக இருக்கட்டும் என்று அந்த ஊர்ப் பசு ஒன்றையும் கூடவே வரவழைத்திருந்தார். வழுக்கும் டைல்ஸ் மேல் சாக்கு விரித்து இரண்டையும் கூடத்தில் நிறுத்தினோம். ஐயர் மந்திரம் சொல்ல, வீட்டுக்காரர் எங்கள் மாட்டின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாணி போட்டால் நல்ல சகுனம்.

வந்தது சாணி இல்லை. கண்ணாடிபோல் தெளிவாக, நூலாக ஒரு வழும்பு தரைவரை தொங்கியது. அது என்னவென்று நான் யோசிப்பதற்குள் பக்கத்து மாடு முன்னங்கால் இரண்டையும் தூக்கி எங்கள் மாட்டின் மேல் போட்டது. எங்கள் மாடு ஓரடி நகரவில்லை. கல்லில் அடித்த நந்தி மாதிரி நின்றது.

"புடிப்பா! புடிப்பா!" என்று பெண்கள் கத்தினார்கள். ஐயர் கலசத்தோடு பீரோவுக்குப் பின்னால் போய்விட்டார்.

"இருங்க சார், இன்னொரு தபா ஏறட்டும்" என்றேன்.

"யோவ், இன்னாயா இது? புது வூட்ல அசிங்கம் பண்ணிக்கினு!"

அடுத்த வீட்டு முகூர்த்தத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்த ஐயர் பீரோவுக்குப் பின்னாலிருந்து, "சந்தான விருத்தி சார், ரொம்ப நல்ல சகுனம்" என்றார். வீட்டுக்காரர் உடனே மாட்டைக் கும்பிட்டார்.

வீடியோக்காரரைக் கெஞ்சி அந்தக் காட்சியை மட்டும் அக்காவின் போனுக்கு அனுப்ப வைத்தேன். வீட்டுக்கு வந்தபோது அவள் அதை மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மாட்டுக்கு இன்னா கொழுப்பு பாரு!"

"ஏறுன மாட்ட வுடுக்கா, நின்ன மாட்டப் பாரு. பருவம் இல்லன்னா இப்பிடி வுட்டுக்கினு நிக்குமா?"

அவள் புருஷன் தறியை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "நிக்குது" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பவும் போய் உட்கார்ந்தார்.

காலையில் நின்ற மாட்டுக்குச் சாயங்காலம் ஊசி. போடுகிறவர் வண்டியில் வந்து இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனார். சினை பிடித்ததா என்று தெரியட்டும் என்று, புரோக்கரிடம் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னாள் அக்கா.

சினை பிடிக்காவிட்டால் இருபத்தோராம் நாள் பருவம் திரும்பும். அந்த நாளை ஒட்டி, மூன்று நாள் மாட்டை ஏனாத்தூருக்கு நடத்திப்போய் அந்தப் பசுவின் பக்கத்தில் நிறுத்தினேன். அது மோந்து பார்த்துவிட்டுப் புல் தின்னப் போயிற்று. நல்ல அறிகுறிதான், ஆனால் உறுதி இல்லை.

மூன்றாம் மாதம் டாக்டர் தோள்வரை உறை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டு, கிணற்றில் விழுந்த சாவியைத் துழாவுகிறவர் மாதிரி கூரையைப் பார்த்தார். "செனைதான்" என்றார்.

புரோக்கரும் சொன்னபடி வந்து நின்றிருந்தார். "செனை மாடா? வெலயக் கூட்டியே தரேன்மா."

அக்கா அவரையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று மாதமும் பயப்படாத நான் அப்போதுதான் பயந்தேன்.

"மலட்டு மாடுன்னு ஊர் பூரா சொன்ன வாயா இது?" என்றாள் கடைசியில். "கெளம்புபா."

அவர் கிளம்பினார். நான் கிளம்ப இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. கன்று வெளியே வரும்வரை இருந்து பார்த்தேன். காளைக் கன்று. அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.