எல்லா வரிகளும் உட்பட

காலையில் வேலையைத் தொடங்குமுன் இஸ்திரிக்காரி தெருவிளக்குக் கம்பத்தை விரல் நுனியால் ஒரு தரம் தொடுவாள். பதினாறு வருஷமாக அப்படித்தான். யாரோ வரி கட்டி நட்ட விளக்கு, அதனடியில் ஓசியில் மேசை போட்டுப் பிழைக்கிறோமே என்று அவளுக்குக் கூச்சம். கம்பத்திடம் அனுமதி கேட்பது போலிருக்கும் அந்தத் தொடுகை.

அதே கூச்சத்தோடுதான் வாரம் மூன்று நாள் புருஷனை நகராட்சி மருத்துவமனைக்கு அழைத்துப் போவாள். அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. அங்கே நான்கு இயந்திரங்கள் உண்டு. அவனுடைய ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய், பெட்டிக்குள் சுற்றி, இன்னொரு குழாய் வழியாக வீடு திரும்பும். நாலு மணி நேரமும் அவள் கண் கொட்டாமல் பார்ப்பாள். ஊரார் துணியையெல்லாம் அலசித் தேய்த்தவள்தான், ஆனால் ரத்தத்தையே அலசித் தருகிற பெட்டியைக் கண்டதில்லை.

"உன் தொழில்தான் அதுவும் பண்ணுது. என்ன, உன்னை மாதிரி பட்டனை உடைக்கிறதில்ல" என்பான் அவன்.

அந்த வருஷம் நகராட்சி கையை விரித்தது. பணம் போதவில்லை, இரண்டு இயந்திரங்களை நிறுத்தியாக வேண்டும். இல்லையென்றால் அதிகம் சம்பாதிக்கும் குடும்பங்கள் நூற்றுக்கு ஒன்று கூடுதலாக வரி கட்ட வேண்டும். எது சம்மதம் என்று தெருத்தெருவாகக் கருத்துக் கேட்டார்கள். இரண்டு இயந்திரம் நின்றால், கடைசியாகச் சேர்ந்த அவள் புருஷனுக்குத்தான் இடம் போகும். நர்ஸம்மா சொல்லியிருந்தாள். தெருவில் யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை, அடுக்குமாடியின் கார் நிறுத்தத்தில் இதற்காகக் கூட்டம். வாசலிலேயே அவள் மேசை என்பதால் எல்லாம் காதில் விழுந்தது.

"இப்பவே மூணுல ஒரு பங்கு போகுது. இன்னும் உரிச்சா எலும்புதான் மிச்சம்" என்றார் ஓய்வுபெற்ற இன்ஜினியர்.

"எலும்புக்கு எதுக்கு சார் ரெண்டு காரு?" என்றாள் பல் டாக்டரம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

"கேலி பண்ணாதீங்கம்மா. ராப்பகலா உழைச்ச காசு. கட்டாதவங்களுக்கும் சேர்த்து நானே ஏன் கட்டணும்? இதோ இஸ்திரி நிக்குது, கேளுங்க. ஏம்மா, நீ ஒரு காசு வரி கட்டறியா?"

"இல்லீங்கய்யா" என்றாள் அவள், தலை நிமிராமல்.

"பாத்தீங்களா!"

டாக்டரம்மா எழுந்து வந்து, மேசை மேலிருந்த கஞ்சிப்பொடிப் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். "விலைக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு, படிம்மா."

எழுத்துக்கூட்டிப் படித்தாள். "எல்லா... வரிகளும்... உட்பட."

"அப்படின்னா?"

"வரி வரியா இருக்கிற சட்டைக்கும் போடலாம்னு அர்த்தம்மா. அதை நம்பித்தானே ஐயாவோட வரிச்சட்டைக்கெல்லாம் இத்தனை வருஷமா இதையே போடறேன்."

கார் நிறுத்தமே அதிர்ந்தது. வரிச்சட்டை போட்டிருந்த இன்ஜினியரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"அந்த வரி இல்லம்மா. இது அரசாங்கத்துக்குப் போற வரி. விலையோட சேர்த்தே வாங்கிடறாங்க. சோப்புல, செருப்புல, போன் ரீசார்ஜ்ல... தினமும் நீ கட்டிட்டுத்தான் இருக்கே." பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். "நாம கட்டறது மிச்சத்துல இருந்து. இவங்க கட்டறது சாப்பாட்டுல இருந்து. அதான் சார் வித்தியாசம்."

இஸ்திரிக்காரிக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. பாக்கெட்டைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள். பதினாறு வருஷத்தில் எத்தனை பாக்கெட்! மேலே அந்த விளக்கில் ஒரு துளி வெளிச்சம் அவளுடையதா?

"அப்போ அந்த ரத்த மெஷின்லயும் என் காசு ஓடுதாம்மா?"

"எந்த மெஷின்?"

அப்போதுதான் சொன்னாள். முதல் தடவையாக, முழுசாக.

இன்ஜினியர் தொண்டையைச் செருமினார். "தெரியாதும்மா எனக்கு. ஆனா என் கேள்வி கேள்விதான். குடுக்கற காசை ஒழுங்கா செலவழிக்கறாங்களான்னு யாரு பாக்கறது?"

"நான் பாக்கறேங்கய்யா" என்றாள் அவள். "வாரத்துல மூணு நாள் அங்கதானே உக்காந்திருக்கேன்."

கை தூக்கச் சொன்னார்கள். வரிக்குச் சம்மதம் பதினொன்று, மறுப்பு ஒன்பது. மறுத்த கைகளில் இன்ஜினியருடையதும் ஒன்று. மற்ற தெருக்களில் இழுபறியாகி, கடைசியில் நூற்றுக்கு அரை என்று முடிவானது.

இன்ஜினியர் இப்போதும் துணி கொண்டுவரும்போதெல்லாம் முணுமுணுக்கிறார். போகும்போது மட்டும், "மெஷின் ஓடுதா?" என்று கேட்பார். "ஓடுதுங்கய்யா" என்பாள். கம்பத்தை அவள் இப்போது விரல் நுனியால் தொடுவதில்லை. சொந்த மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல உள்ளங்கையால் ஒரு தட்டு.

மருத்துவமனையில் மூன்று இயந்திரங்கள் ஓடுகின்றன. நான்காவது துணி போர்த்திக் கிடக்கிறது. அவள் புருஷனுக்கு மூன்றாவதில், மத்தியானம், இடம் இருக்கிறது.