செத்திருக்கணும்

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் நர்சுகள். வெளிநாட்டு வேலைக்கு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும் என்பதற்காக, தனியார் மருத்துவமனையில் டூட்டி முடித்த கையோடு சீருடைக்கு மேல் ஒரு துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு வந்து உட்காருவார்கள். சிலர் வகுப்பிலேயே கண்ணயர்ந்துவிடுவார்கள். நான் எழுப்புவதில்லை.

அவர்களுக்கு மண்டையில் ஏறாத பாடம் ஒன்று உண்டு. நடந்து முடிந்துபோன ஒன்றைப் பற்றி, இப்படிச் செய்திருக்கலாம், அப்படிச் செய்திருக்கக் கூடாது, இதுதான் நடந்திருக்கும் என்றெல்லாம் சொல்கிற வினைகள். குட் ஹேவ், ஷுட் ஹேவ், உட் ஹேவ், மஸ்ட் ஹேவ். வெறும் இலக்கணமாக நடத்திப் பார்த்துத் தோற்ற பிறகு, ஒரு சினிமாவைப் போட்டுக் காட்டி விமர்சனம் எழுதச் சொல்லும் வழக்கத்துக்கு வந்தேன். படத்தைக் குறை சொல்ல யாருக்குத்தான் ஆசை இருக்காது? டைரக்டர் ரெண்டு பாட்டைக் குறைத்திருக்கலாம், அந்தப் பெண் தனியாக அங்கே போயிருக்கக் கூடாது என்று கடகடவென எழுதுவார்கள்.

அந்த முறை நான் தேர்ந்தெடுத்தது அதிகம் பேர் பார்த்திராத ஒரு குடும்பப் படம். ஆஸ்பத்திரிக் காட்சிகள் நிறைய வரும், நர்சுகளுக்குச் சொல்ல விஷயம் இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. கணவன் லாரியில் அடிபட்டு நினைவில்லாமல் கிடக்கிறான். மனைவி வருடக்கணக்காகப் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறாள். கடைசிக் காட்சியில் அவன் விரல் அசைகிறது, அவள் அவன் நெஞ்சில் முகம் புதைத்து அழுகிறாள், படம் முடிந்துவிடுகிறது. அவன் பிழைத்தானா, அதுதான் கடைசி அசைவா என்று சொல்லவில்லை. வகுப்பில் அதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. மணமேல்குடியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பொழச்சிருப்பான் மேடம், பொழச்சிருப்பான்" என்றாள்.

திருமயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. முப்பது வயதிருக்கும். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எப்போதும் கதவோரமாக உட்காருவாள். கழுத்தில் தாலி இருந்தது. வீட்டைப் பற்றி அவள் எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

மறு வகுப்பில் எழுதியதை ஒவ்வொருவராக எழுந்து வாசித்தார்கள். அவள் முறை வந்தது. படத்தின் பெயர், நடிகர்கள் என்று தொடங்கி, மூன்றாவது வாக்கியத்தில் "தி ஹஸ்பண்ட் ஷுட் ஹேவ் டைடு" என்றாள்.

பின்வரிசையில் சிரிப்பு. அவள் வேலை பார்க்கும் அதே மருத்துவமனையில் இருக்கும் ஆண் நர்ஸ் ஒருவன், "மேடம், அங்க மஸ்ட் வரணும்ல? புருஷன் சாகணும்னு எழுதியிருக்காங்க" என்றான்.

நான் எழுந்து போர்டுப் பக்கம் போனேன். இந்தத் தவறு எனக்குப் பழக்கம்தான். தமிழில் 'செத்திருக்கணும்' என்றால் இரண்டு பொருள். அநேகமாகச் செத்துப்போயிருப்பான் என்று ஊகிக்கும்போதும் அதையே சொல்கிறோம், செத்திருந்தால் தேவலை என்று நினைக்கும்போதும் அதையே சொல்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவதற்கு மஸ்ட், இரண்டாவதற்கு ஷுட். நம்மவர்கள் இரண்டுக்கும் ஷுட் போட்டுவிடுவார்கள். இதை விளக்க நான் மார்க்கரைத் திறந்தபோது அவள் சொன்னாள்:

"எனக்கு வித்தியாசம் தெரியும் மேடம். நான் சரியாத்தான் எழுதியிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. "மிச்சத்தையும் படிக்கவா?" என்று கேட்டாள். நான் தலையசைத்தேன்.

படத்தில் அந்த மனைவி வருகிற காட்சியிலெல்லாம் தலையில் பூ இருக்கிறது, டைரக்டர் அவள் தூங்காத முகத்தைக் காட்டியிருக்கலாம் என்று எழுதியிருந்தாள். படுக்கையில் கிடக்கிறவனுக்கு முதுகில் புண் வந்திருக்கும், அந்த அறையில் வாடை இருந்திருக்கும், பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்தியிருப்பார்கள் என்று எழுதியிருந்தாள். குட், மஸ்ட், உட் எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக இருந்தன. முடித்துவிட்டு உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்து வாசிக்க வேண்டியவன் எழுந்திருக்கவே இல்லை.

அன்று வகுப்பு முடிந்து அவளோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். கல்யாணமாகி எட்டாவது மாதம், டூட்டி முடிந்த அவளை அழைத்துப்போக பைக்கில் வந்தபோது பைபாஸில் விழுந்திருக்கிறான் அவள் புருஷன். தலையில் அடி. அப்புறம் எழுந்திருக்கவில்லை. நாலு வருஷமாகிறது. "அன்னைக்கு நீ பஸ்ஸுலயே வந்திருக்கலாம்ல, அவன வரச்சொல்லியிருக்கக் கூடாதுல்லன்னு எங்கத்தை இன்னமும் கேக்குறாங்க மேடம். நான் வரச்சொல்லல. அவராத்தான் வந்தாரு" என்றாள். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

சில வாரம் கழித்துத் திருமயத்தில் ஒரு கல்யாணம். அவள் தொடர்ந்து வகுப்புக்கு வராமலிருந்ததால், திரும்பும்போது ஆட்டோ பிடித்து அவள் ஊருக்குப் போனேன்.

முன்னறையிலேயே கட்டிலைப் போட்டிருந்தார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை அண்டை கொடுத்திருந்தது. மூக்கில் குழாய். மடங்கிப்போன விரல்களுக்குள் நகம் குத்தாமலிருக்க ஒரு துணிச்சுருள். கண் திறந்திருந்தது. நான் கட்டிலைச் சுற்றி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கண் என்னோடு வரவில்லை.

"வாங்க டீச்சர்" என்று மாமியார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மெலிந்த, சுறுசுறுப்பான அம்மாள். "காய்ச்சல் விட்ருச்சு. காலைல பேரச் சொல்லிக் கூப்ட்டேன், இங்கிட்டுத் திரும்பிப் பாத்தான். அவனுக்கு எல்லாம் வெளங்குது, சொல்லத்தான் வரல."

அவள் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, கஞ்சியை ஊசிக்குழலில் ஏற்றி, குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ஈரத்துணியால் அவன் உதட்டைத் துடைத்தாள்.

"இவ வெளிநாட்டுக்குப் போறேங்குறா. போயிட்டா எம்புள்ளைய யாரு பாக்குறது? எனக்கு அவனத் தூக்கித் திருப்பக்கூடத் தெம்பு இல்ல. நீங்களாச்சும் சொல்லுங்க டீச்சர்."

நான் எழுந்தேன். பின்னால் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன். அவளாகவே சொன்னாள்: "இவரு வைத்தியத்துக்கு ஆகும்னுதான் போறேன்னு எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அதில்ல மேடம். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அந்த ரூமுக்குள்ள போகாம விடியணும்."

அதன்பின் அவள் ஒழுங்காக வகுப்புக்கு வந்தாள். திருச்சியில் தேர்வு எழுதினாள், தேறினாள். மிட்டாய் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஐப்பசி மழையில் அவன் செத்துப்போனான். சளி நெஞ்சில் கட்டிக்கொண்டு, ஒரு பகல் முழுக்க மூச்சுக்கு இழுத்து, பொழுது சாயும்போது அடங்கிவிட்டான் என்று ஹாஸ்டல் பெண்தான் போனில் சொன்னாள். சாவுக்குப் போகலாம் என்று நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது அந்த ஹாஸ்டல் பெண்ணிடமிருந்தே மறுபடி அழைப்பு. "போகாதீங்க மேடம். அங்க போலீஸ் வந்திருக்கு."

நடந்தது இதுதான். வகுப்பில் அவள் வாசித்த வாக்கியத்தை அந்த ஆண் நர்ஸ் எப்போதோ தன் மருத்துவமனையில் வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்குக் கெட்ட எண்ணமில்லை. அதைக் கேட்டவர்களில் அவள் ஊர்க்காரப் பெண் ஒருத்தி, அங்கே வார்டு ஆயா. சாவு விழுந்ததும் அந்த வாக்கியம் ஊருக்குள் இறங்கிவிட்டது. புருஷன் சாகணும்னு கிளாஸ்லயே எழுதுனவ. நர்ஸு வேற. வெளிநாட்டுக்கு டிக்கெட்டு போடப் போறா. எதையாச்சும் ஏத்தியிருப்பா. திருப்பூரிலிருந்து சாவுக்கு வந்த கொழுந்தன், பிணத்தை எடுக்க விடாமல் புகார் கொடுத்துவிட்டான். உடலை அறுத்துப் பார்க்க அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். மாமியார் பெஞ்சில் முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கொழுந்தன் நின்றுகொண்டிருந்தான். அவள் சுவரோரமாக, எண்ணெய் காணாத தலையோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பொண்ணு ஒங்க கிளாஸ்ல புருஷன் சாகணும்னு எழுதுச்சாமே மேடம்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"அது சினிமா விமர்சனம் சார்."

"அதான், எழுதுச்சா இல்லையா?"

"ஒரு படம் பாத்து எழுதச் சொல்லியிருந்தேன். அதுல கடைசில புருஷன் உசுரோட இருக்கானா இல்லையான்னு தெரியாது. செத்துப்போயிருப்பான்னு சொல்ல வந்துச்சு. மஸ்ட் போட வேண்டிய எடத்துல ஷுட் போட்ருச்சு. அவ்வளவுதான் சார். எங்கிட்ட வர்ற எல்லாரும் பண்ற தப்பு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

சொன்னேன். ஒரு தாளை வாங்கி எழுதியும் காட்டினேன். போர்டில் அன்று எழுதாமல் விட்டதை அங்கே எழுதினேன். அவர் இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "தமிழ்ல ரெண்டும் செத்திருக்கணும்தானே மேடம்? அப்ப நானும் ஷுட்டுன்னுதான் எழுதியிருப்பேன்" என்று சிரித்துவிட்டு, கொழுந்தனைப் பார்த்து, "ஏம்ப்பா, இங்கிலீஷ் தப்புக்கெல்லாம் கேஸு போட முடியுமா? ரிப்போர்ட் வரட்டும்" என்றார்.

அப்போதுதான் அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நன்றி என்று எடுத்துக்கொள்ள முடியாத பார்வை.

வெளியே வேப்பமரத்தடியில் என்னை நிறுத்தினாள். "ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்னத்தச் சொல்றது?"

"நான் தப்பா எழுதலன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"செத்திருக்கணும்னுதான் நெனச்சேன். அன்னைக்கே, அந்த ரோட்டுலயே. அவருக்கும் அதுதான் நல்லது. ஆனா அதுக்கப்புறம் ஒருநாளும் நான் அவரச் சாகவிடல மேடம். தொண்டைல குழாய விட்டு விட்டு சளிய எடுத்தேன். கடைசி அன்னைக்கும் எடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." குரல் உயரவில்லை. "நாலு வருஷத்துல நான் மறைக்காமச் சொன்னது அது ஒண்ணுதான். அதையும் தப்புன்னு ஆக்கிட்டீங்க."

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த அறையில் அதைப் புரிந்துகொள்ள யார் இருந்தார்கள் என்று கேட்க நினைத்தேன். அவள் அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போனான்.

நுரையீரலில் கிருமி, வேறொன்றுமில்லை என்று அறிக்கை வந்தது. வழக்கை மூடினார்கள். ஊர் வாயை யாரும் மூடவில்லை. அவள் புருஷன் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. உள்ளூர் வேலையையும் விட்டாள். போலீஸ் தடையில்லாச் சான்று கிடைப்பதில் இழுத்தடித்து, அடுத்த வருடம் மஸ்கட் போய்ச் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த ஆண் நர்சும் வகுப்பை விட்டு நின்றுவிட்டான். நான் இப்போதும் அதே பாடத்தை நடத்துகிறேன், படம் மட்டும் வேறு. யாரும் சாகாத ஒரு சிரிப்புப் படம்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம், அவள் மாமியார் மாடிப்படி ஏறி வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு வற்றிப்போயிருந்தார்.

"அவ நம்பரு இருக்கா டீச்சர்?"

எதற்கு என்று கேட்டேன்.

"சண்டைக்கெல்லாம் இல்லத்தா. சின்னவன் பேச்சக் கேட்டு நானும் ஸ்டேஷன்ல போயி ஒக்காந்தேன். அது போகட்டும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுல அவனப் பத்திப் பேச ஆளு இல்ல. சின்னவன் முடிஞ்சது முடிஞ்சு போச்சுங்கிறான். அக்கம்பக்கத்துல விடுதலைங்கிறாங்க. அவன் எப்படிக் கெடந்தான்னு அவளுக்கும் எனக்கும்தானே தெரியும்? ஒரு வார்த்தை பேசணும் போல இருக்கு."

ஹாஸ்டல் பெண்ணிடம் எண் வாங்கி வாட்ஸ்அப்பில் அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழைத்தேன். பிறகு, யார் வந்திருக்கிறார், என்ன கேட்கிறார் என்று எழுதி அனுப்பினேன். படித்துவிட்டாள் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "வேண்டாம் மேடம். மாத்திரை ஒழுங்காப் போடச் சொல்லுங்க. பிரஷர் இருக்கு."

அதை வாசித்துக் காட்டினேன். அம்மாள் கேட்டுவிட்டு, "எம்பிரஷரு அவளுக்கு நெனப்பு இருக்கு" என்றார். டீ வாங்கித் தந்தேன், பாதி குடித்தார். திருமயம் பஸ்ஸில் ஜன்னலோரமாக ஏற்றி உட்கார வைத்தேன். வண்டி கிளம்ப நேரமானது. வெயில் அவர் முகத்தில் நேராக அடித்தது, அவர் ஒதுங்கவில்லை.