சோணைமுத்து முளைப்பாரிக்குப் போட்ட லைட்

சோணைமுத்துவுக்குக் கை சும்மா இருக்காது. எங்கள் பனியன் கம்பெனியில் அவன் எலக்ட்ரீஷியன். நான் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். முதலிபாளையத்தில் கிட்டுசாமி கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீட்டில் முதல் அறை எங்களுடையது, நடு அறை அவனுடையது. யார் வீட்டு மின்விசிறியாவது கரகரவென்றால் கூப்பிடாமலே ஸ்குரூ டிரைவரோடு வந்து நிற்பான். மிக்சியைப் பிரித்தால் மாட்டும்போது இரண்டு திருகு மிச்சம் வைப்பான். ஆனால் மிக்சி ஓடும். "மிச்சத்த வெச்சு இன்னொரு மிக்சி பண்ணீருங்க தம்பி" என்று நான் கேலி செய்தால், தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பான்.

அவனும் அவன் மனைவி சித்ராதேவியும் மானாமதுரைப் பக்கத்துக்காரர்கள். அவள் என் பிரிவில்தான் வேலை பார்த்தாள். துணியில் ஒரு ஓட்டை, ஒரு எண்ணெய்க் கறை அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவள் தன் உடம்பு சொன்னதை நம்பாமல் போனாள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கல்யாணமாகி அவளுக்கு இரண்டு முறை கரு நின்றது. இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது கலைந்தது பங்குனி மாதத்தில். அந்தப் பங்குனியில்தான் எங்கள் லைன் வீடுகளில் இருந்த தெற்கத்திப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து, பின்னால் வேப்பமரத்தடியில் இருக்கும் மாரியம்மனுக்கு முளைப்பாரி போட்டார்கள்.

நான் பொங்கலூர்க்காரி. எங்கள் பக்கம் மாரியம்மனுக்குக் கம்பம் நட்டு ஆடுவதுதான் பெரிசு. முளைப்பாரியின் சட்டதிட்டமெல்லாம் இவர்களிடம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மண்சட்டியில் வைக்கோலும் எருவும் போட்டு, ஊற வைத்த பயறு, மொச்சை, சோளம் என்று கலந்து தூவுவார்கள். வெயில் படாமல் இருட்டில் வைத்து, தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். இருட்டில் வளர்வதால் வெளிறிய மஞ்சளாக, முழ நீளத்துக்கு வரும். ஆண்கள் கண் படக் கூடாது. எந்த வீட்டுச் சட்டி ஓங்கி வளர்கிறதோ அந்த வீடு தழைக்கும். எது சாய்கிறதோ அந்த வீட்டுக்கு ஏதோ வரப் போகிறது. ஊரில் எல்லாச் சட்டியையும் ஒரே வீட்டில் வைப்பார்களாம். இங்கே அதற்கு இடம் ஏது? அவரவர் அறை மூலையில் துணி கட்டி மறைத்துக்கொண்டார்கள்.

எங்கள் அறைகளுக்குச் சன்னல் கிடையாது. முதுகோடு முதுகு ஒட்டி இன்னொரு வரிசை. மேலே சிமெண்டு அட்டைக் கூரை. கதவைச் சாத்தினால் அமாவாசை. காற்றும் இல்லாமல் அந்தப் புழுக்கத்தில் சித்ராவின் முளைப்பாரி நூலாக நீண்டு, ஒரு நாள் காலையில் மொத்தமாகச் சாய்ந்து அழுகிக் கிடந்தது. அந்த வாரமே அவளுக்குக் கரு கலைந்தது. அப்புறம் அவளிடம் யார் என்ன சொல்லி என்ன பயன்?

அடுத்த பங்குனி வந்தபோது அவளுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. பஸ்ஸில் அலையக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் வளைகாப்பைக்கூட இங்கேயே முடித்துவிட்டோம். வேலையை விட்டுவிட்டு அறையில் இருந்தாள். அம்மனுக்குத் திருவிழா சாட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"நேந்துருக்கேன்க்கா. போடாம இருக்க முடியாது. போட்டு இந்த வருசமும் சாஞ்சுருச்சுன்னா எம்புள்ளையும் போயிரும்."

"பயறு சாஞ்சா புள்ளைக்கு என்ன கண்ணு? உன்ற வவுறு வேற, சட்டி வேற."

"உங்களுக்குத் தெரியாதுக்கா" என்றாள்.

இதைச் சோணைமுத்து வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் கம்பெனி ஆபீசில் பார்த்தேன்: மேனேஜர் மேசை மேல் பாட்டிலில் வளர்ந்திருந்த மணி பிளாண்டை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த அறையில் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. பகல் முழுவதும் தலைக்கு மேல் டியூப்லைட்தான். செடி பச்சைப் பசேலென்று இருந்தது.

அப்புறம் அவன் கை சும்மா இருக்குமா?

கம்பெனியில் துணியின் கலர் சரியா என்று பார்க்க ஒரு பெட்டி உண்டு. அதற்குள் இருக்கும் டியூப் பகல் வெளிச்சம் மாதிரியே எரியும். இத்தனை மணி நேரம் எரிந்தால் மாற்றிவிட வேண்டும் என்பது சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் கண்டிப்பு. நன்றாக எரிகிற டியூபையே கழற்றிப் போடுவார்கள். அப்படிக் கழித்துப்போட்ட இரண்டடி டியூப் இரண்டை மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்தான்.

"வெள்ளக்காரனே இதப் பகல்னு நம்புறான்க்கா. பயறு நம்பாதா?" என்றான்.

முதலில் மோட்டார் ரூமில் இரண்டு டப்பாவில் பயறு போட்டுப் பார்த்தான். ஒன்று டியூபின் கீழே, மற்றது இருட்டில். சில நாள் கழித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். இருட்டில் இருந்தது வெள்ளையாக நீண்டு, தலை தொங்கிக் கிடந்தது. வெளிச்சத்தில் இருந்தது பாதி உயரம்தான், ஆனால் தண்டு தடித்து, இலை விரிந்து, பச்சையாக நின்றது. நான் தோட்டங்காட்டில் பிறந்து வளர்ந்தவள். எனக்குப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது.

"இதுதானுங்க தம்பி பயிரு. அது சீக்காளியாட்ட இருக்குது."

"சாயல இல்லக்கா? அதான் வேணும். சாயவே கூடாது."

உயரத்தைப் பற்றி அவன் யோசிக்கவே இல்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: போன வருஷம் சாய்ந்தது, பிள்ளை போனது.

விளக்குக் கூண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் வைத்துச் செய்தான். சரக்கு அனுப்பும் அட்டைப் பெட்டியை நீளவாக்கில் வெட்டிக் கவிழ்த்தான். டீக்கடையில் சேர்த்து வைக்கச் சொல்லியிருந்த டீத்தூள் பாக்கெட்டுகளைப் பிரித்து, உள்பக்கத்து வெள்ளித் தாள் வெளியே தெரிகிற மாதிரி அட்டைக்குள் ஒட்டினான். வெளிச்சம் சிதறாமல் கீழே விழ வேண்டுமாம். டியூப்லைட் சோக்கின் சூடு பயிர் மேல் இறங்கக் கூடாது என்று சோக்கைத் தனியாகச் சுவரில் மாட்டினான். தொங்கவிடுவதற்குக் கயிறு வாங்கவில்லை. பேன்ட் இடுப்பில் கோக்கிற நாடாவில் நான்கு துண்டு. பயிர் வளர வளர முடிச்சை மாற்றி விளக்கை மேலே தூக்கிக்கொள்ளலாம். கைக்காசு பெரிதாகப் போகவில்லை.

சட்டி அதற்குள் திரைக்குப் பின்னால் இருந்தது. ஆண் கண் படக் கூடாதே, விளக்கை எப்படி மாட்டுவது? பனியன் வேஸ்ட் துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டு உள்ளே போனான். வயிற்றைத் தாங்கிக்கொண்டு சித்ரா பின்னாலேயே போனாள்.

"வலது கைய மேல தூக்குங்க. இன்னும். அங்கதான் ஆணி."

"நீ தள்ளி நில்லு. வயரு கெடக்கு."

"நான் தள்ளி நின்னா உங்க தலை சட்டிக்குள்ளதான் போகும்."

நான் வாசலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு அவன் ஒவ்வொரு வயராகத் தடவி முறுக்க, அவள் அவன் விரலைப் பிடித்துப் பிடித்து இடம் காட்டினாள். சுவிட்சைப் போட்டதும் திரைக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது. "எரியுதா?" என்றான். "எரியுது, எரியுது" என்று அவள் கைதட்டினாள். அவர்கள் இருவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அப்புறம் நான் பார்க்கவில்லை.

"இருட்டுல வளக்குறதுதான மொறை? ராமாயியம்மா கேட்டா என்ன சொல்லுவே?" என்று நான் கேட்டேன். ராமாயிதான் அவர்களில் கும்மிப் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவள். முறை தப்பினால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

"நம்ம ரூம்ல சன்னல் இல்லேன்னு ஆத்தாளுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றாள் சித்ரா.

அன்றிலிருந்து சோணைமுத்து வராந்தாவில் படுத்தான். காலையில் எழுந்ததும் கதவுக்கு வெளியே நின்று, "எப்படி இருக்கு?" என்பான். "நிக்குது" என்று உள்ளேயிருந்து பதில் வரும். அதைக் கேட்ட பிறகுதான் பல் விளக்கப் போவான். நான் போகும்போதெல்லாம் சித்ரா திரையை விலக்கிக் காட்டுவாள். பச்சை இலை மேல் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவுவாள். "இது நிக்கிற மட்டும் எனக்குப் பயமில்லக்கா" என்பாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் ஏதோ ஒரு தைரியம் வந்ததே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

முளைப்பாரி எடுக்கும் அன்று எல்லாச் சட்டிகளையும் வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்தார்கள். மற்றவர்களுடையது பொன் மஞ்சளாக முழங்கை நீளத்துக்கு நின்றது. அவர்கள் இரவில் கதவைத் திறந்து காற்றாட வைத்து வளர்த்திருந்தார்கள். சித்ராவின் சட்டி நாற்றங்கால் மாதிரிக் குட்டையாக, கரும்பச்சையாக இருந்தது. எவளோ ஒருத்தி, "இது முளைப்பாரியா, கீரைப்பாத்தியா?" என்றாள்.

ராமாயி குனிந்து பார்த்தாள். "வெளிச்சம் பட்டுருக்கே, ஆத்தா."

"லைட்டு போட்டோம்" என்றாள் சித்ரா. பொய் சொல்ல அவளுக்கு வராது.

"யாரு மாட்டுனது? உம்புருசனா?"

"கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் மாட்டுனாரு."

ராமாயி பெருமூச்சு விட்டாள். "ஆத்தாளுக்கு இருட்டுல வளத்ததத்தான் குடுக்குறது. சரி, புள்ளத்தாச்சி நேர்ந்தது. கடைசில வரட்டும்" என்றாள். அவளுக்கு அதற்கு மேல் இறங்கிவர முடியவில்லை என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளைத்தாச்சி சுமக்கக் கூடாது என்பதால் சட்டியை நானே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, கொட்டுக்காரனுக்கும் எட்டாத கடைசியில் நடந்தேன்.

முளைப்பாரியை நொய்யல் ஆற்றில் கரைக்க முடியாது. அன்றைக்கு எந்தப் பட்டறைச் சாயம் ஓடுகிறதோ யாருக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குப் போனோம். சித்ரா என் சேலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்து, வியர்த்துக் கொட்டியது. அவமானத்தில் அப்படி இருக்கிறாள் என்று நினைத்தேன். கிணற்று மேட்டில் உட்கார்ந்தவள், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவில்லை. கம்பெனி வேனை வரவழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்திருந்தது. பெண் குழந்தை. டாக்டரம்மா வெளியே வந்து என்னைத்தான் கேட்டார்கள். "அசைவு நின்னு ரெண்டு நாளாவது இருக்கும். ஏன் உடனே கூட்டிட்டு வரலை? வந்திருந்தா பார்த்திருக்கலாமே." சோணைமுத்து சுவரோரம் நின்றான். அவன் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் லைன் வீடு முழுக்க ஒரே பேச்சு. வெளிச்சம் போட்டதால் வந்த வினை. ஆண் கை பட்டதால் வந்த வினை. ராமாயி மட்டும் எதுவும் பேசாமல் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். மற்றவர்களை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு நான் வார்டுக்குத் திரும்பினேன். சோணைமுத்து கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தான்.

"மொட்டை போட்டுர்றேன்க்கா. அக்கினிச்சட்டி எடுக்குறேன். அலகு குத்துறேன்" என்றான் என்னிடம். அப்புறம் அவள் பக்கம் திரும்பினான். "வெளிச்சம் போட்டது என் தப்பு சித்ரா. ஆத்தா கோவிச்சுக்கிட்டா."

சித்ரா கண்ணைத் திறந்தாள். அவன் தலையில் கையை வைத்தாள்.

"ஆத்தாள ஏன் இழுக்குறீங்க? வெளிச்சம் ஒண்ணும் பண்ணல."

"பின்ன?"

"முந்தாநேத்தே புள்ள அசையல. காலையிலயிருந்து கையை வச்சு வச்சுப் பாத்தேன். ஆசுபத்திரிக்குப் போகலாம்னு உங்களைக் கூப்புடத்தான் எந்திரிச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "திரைய நீக்கிப் பாத்தேன். பயறு அம்புட்டுப் பச்சையா, நெட்டுக்குத்தா நின்னுச்சு. இது இப்படி நிக்கிறப்ப புள்ளைக்கு எப்படி ஒண்ணு ஆகும்னு படுத்துத் தூங்கிட்டேன். உங்க மேல தப்பில்லைங்க."

அவனைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். பச்சை உடம்புக்காரி, அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். சாமி குற்றம் என்றால் மொட்டை போட்டு, தீச்சட்டி எடுத்து எப்படியாவது தீர்த்துக்கொண்டிருப்பான். இதற்கு எந்தக் கோயிலுக்குப் போவது?

"நல்லாவா நின்னுச்சு?" என்று கேட்டான்.

"நல்லா நின்னுச்சு" என்றாள் அவள்.