சம்பந்தியின் கால்

அந்தச் செருப்பு இன்னும் என் வீட்டு வாசலில் கிடக்கிறது. வலது கால் மட்டும். சர்க்கரை நோயாளிகளுக்கென்று தைக்கும் மெத்தென்ற ரப்பர் செருப்பு. ஒரு நாளும் தெருவில் பட்டதில்லை. மருமகள் அதைப் பையில் போட்டு என்னிடம் கொடுத்தபோது ஜோடியாகத்தான் இருந்தது. "அப்பா வெறுங்காலோட மலை சுத்தக் கிளம்பிட்டாரு மாமா. ஆணி குத்தினாக்கூட அவருக்குத் தெரியாது. நீங்க சொன்னா கேப்பாரு" என்றாள். வருவாய்த் துறையில் ஆயுளைக் கழித்தவன் நான். மனு முதல் மேல்முறையீடு வரை எல்லா நடைமுறையும் அத்துப்படி. சம்பந்தியைச் செருப்புப் போட வைக்கும் நடைமுறை மட்டும் எந்த விதித்தொகுப்பிலும் இல்லை.

அவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடும் வண்டியில் நின்றே பழகிய கால்கள். சர்க்கரை வந்ததும் முதலில் பாதம் எரிந்தது. பிறகு எரிச்சல் நின்றுபோனது. உணர்ச்சி போய்விட்டது என்றார் மருத்துவர். குணமாகிவிட்டது என்றார் சம்பந்தி. உடம்பு எப்படி என்று யார் கேட்டாலும், "எனக்கென்னங்க, வலியே கிடையாது" என்பார். வலி இல்லையென்றால் ஆரோக்கியம் என்பது அவர் கணக்கு. முட்டி வலியும் ரத்தக் கொதிப்பும் உள்ள நான் அந்தக் கணக்கில் நோயாளி.

கிரிவலப் பாதையில் சித்திரை வெயில். தார்ச்சாலையின் சூடு என் செருப்பைத் தாண்டி ஏறியது. எனக்குப் பக்தி கம்மி, செருப்போடுதான் நடப்பேன். அவர் முன்னால் வீசி நடந்தார்.

"சம்பந்தி, செருப்பு கொண்டாந்திருக்கேன். போட்டுக்குங்க."

"மலை சுத்தறப்ப செருப்பா? நல்லா சொன்னீங்க. மொதல்ல நீங்க கொஞ்சம் மூச்சு வாங்கிக்குங்க."

அடி அண்ணாமலை நெருங்கும்போது சாலையில் ஒரு ஈரக் கறை தெரிந்தது. யாரோ குங்குமத் தண்ணீரைக் கொட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். சற்றுத் தள்ளி இன்னொன்று. அவர் வலது காலை எடுத்த இடத்திலெல்லாம் ஒன்று.

"நில்லுங்க. காலைக் காட்டுங்க" என்றேன்.

"என்னங்க இது, உங்க முன்னாடி காலை நீட்டுவனா? தப்புங்க."

பெண்ணைக் கொடுத்த இடத்தில் பாதத்தைக் காட்டுவதா? வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நடையை எட்டிப் போட்டார். நான் பையோடு பின்னால் ஓடினேன். கறை பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் அவரைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்துப் பாதத்தைத் தூக்கினார். சோடா மூடி ஒன்று சதைக்குள் பதிந்திருந்தது. யாருடைய காலையோ பார்ப்பதுபோல் சம்பந்தி அதைப் பார்த்தார். "வலிக்கலியே" என்றார். அந்தச் சொல்லை அவர் பயத்தோடு சொன்னது அதுதான் முதல் முறை.

மருத்துவமனையில் என் திறமை நன்றாகவே எடுபட்டது. காப்பீட்டு அட்டை, சம்மதக் கையெழுத்து, பிறகு மாற்றுத்திறனாளிச் சான்று, எதிலும் தாமதமில்லை. முழங்காலுக்குக் கீழே கால்தான் போய்விட்டது.

இப்போது செயற்கைக் கால். இல்லாத பாதம் சில நாள் எரிகிறதாம். "இருந்தப்ப கம்முனு இருந்துச்சு. போனப்புறம் ஜாஸ்தி பேசுது" என்று சிரிக்கிறார். உடம்பு எப்படி என்று கேட்டால் இன்றைக்கும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்கிறார். முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை, நம்பவும் தைரியமில்லை.

போன வாரம் வந்திருந்தார். "சாயங்காலம் அடி அண்ணாமலை வரைக்கும் போயிட்டு வரலாமா சம்பந்தி?" என்றார். வாசலைப் பார்த்தேன். அவர் கழற்றிவிட்ட இடது செருப்பு, குதிகால் தேய்ந்து, புதுக்கருக்கு மாறாத தன் ஜோடியின் பக்கத்தில் கிடந்தது.

அவர் நாற்காலியில் சாய்ந்து, வேட்டியைக் கொஞ்சம் ஒதுக்கினார். தயங்கினார். பிறகு இருக்கும் ஒரே பாதத்தை என் பக்கம் நீட்டினார்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க. எனக்குத் தெரியாது."

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன்.