காசியம்மாள் விட்டுச்சென்ற விடுப்புக் கடிதங்கள்

செவ்வாய்க்கிழமை முதல் பாடவேளை தொடங்கிச் சற்று நேரத்தில் பாஷா பாய் வகுப்பு வாசலில் வந்து நின்றார். மலைக்கும் அடிவாரத்துக்கும் ஜீப் ஓட்டுகிறவர். பள்ளிக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை.

"சார், காசியம்மா போய்ட்டாங்க. விடிகாலைல நெஞ்சு வலின்னாங்களாம். வண்டி எடுத்துக்கினு நான் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. மலப் புள்ளைங்கள ஏத்திக்கினு போறேன். நீங்களும் வர்றீங்களா?"

"பீரியட் இருக்குது பாய்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். என் ஆறாம் வகுப்பிலிருந்த பதினொரு மலைப் பிள்ளைகளும் யாரையும் கேட்காமல் எழுந்து அவர் பின்னால் போனார்கள். நான் பலகைப் பக்கம் திரும்பிப் பின்னக் கணக்கைத் தொடர்ந்தேன். அந்த நேரத்தில் பின்னம் அவ்வளவு முக்கியமாகப் பட்டது. இப்படிப்பட்ட ஒருவன் எழுதும் அஞ்சலி இது என்பதைப் படிக்கிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காசியம்மாளை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளி. மலைக்குக் கீழே ஓர் உயர்நிலைப் பள்ளி. இரண்டும் ஒரே நிர்வாகத்தைச் சேர்ந்தவை. பெயர்களைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். அந்த இரண்டு பள்ளிகளிலும் மாறிமாறி மணி அடித்து, தண்ணீர் எடுத்து, பெருக்கி, பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, இருபது வருடங்களை அவர் கழித்தார். பதிவேட்டில் அவர் பதவி 'பணியாளர்'. எங்கள் வாயில் 'ஆயா'. அவரை 'அவர்' என்று நான் குறிப்பிடுவது இந்தக் கட்டுரையில்தான் முதல் தடவை.

எழுபதுகளின் நடுவில் நான் கணக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தேன். வாணியம்பாடி பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்தே திரும்பிப் போகும் பஸ்ஸைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் அறையில் எல்லோருமே அப்படித்தான். பட்டம் வாங்கியவர்கள், மலையடிவாரத்தில் வந்து மாட்டிக்கொண்டதாக நினைப்பவர்கள், அந்தக் கோபத்தைக் காட்ட ஏழைப் பிள்ளைகள் கிடைத்ததில் ஓரளவு ஆறுதல் அடைந்தவர்கள். தலைமையாசிரியர் எங்கள் எல்லோரையும்விட ஒரு படி மேல். சட்டம் தெரிந்தவர். பிள்ளைகளின் பெயர் தெரியாவிட்டாலும் எந்த விதியில் யாரை நீக்கலாம் என்பது தெரியும்.

என் வகுப்பில் சின்னப்பொண்ணு என்று ஒரு மலைப் பெண் படித்தாள். நான் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. ஐப்பசியில் திடீரென்று காணாமல் போனாள். மற்ற மலைப் பிள்ளைகளும் போனார்கள். சாமை அறுப்பு. ஒருவரும் விடுப்புக் கடிதம் கொடுக்கவில்லை. கடிதமின்றித் தொடர்ந்து வராதவர்களின் பெயரை நீக்கலாம் என்று விதி. நீக்கலாம் என்றுதான் விதி. நீக்கியே ஆகவேண்டும் என்று அல்ல. தலைமையாசிரியர் நீக்கச் சொன்னார். சிவப்பு மையால் கோடு போட்டது நான்.

அறுப்பு முடிந்து சின்னப்பொண்ணு அப்பாவுடன் வந்தாள். அவர் தலையில் ஒரு துணி மூட்டை. புதுச்சாமை, வாத்தியார்களுக்கு என்று கொண்டுவந்திருந்தார். தலைமையாசிரியர் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "காசியம்மா, கேட்டைச் சாத்து" என்றார். காசியம்மாள் சாத்தினார். சின்னப்பொண்ணின் அப்பா கோபப்படவில்லை. என்ன தப்பு நடந்தது என்றே அவருக்குப் புரியவில்லை. மத்தியானம்வரை வெயிலில் நின்று பார்த்தார். பிறகு மூட்டையைக் கேட்டோரம் வைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு மலையேறினார்.

அந்தச் சாமை தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனது. மறுநாள் ஆசிரியர் அறையில், பொங்கல் வாசனையாக இருந்ததாகச் சொன்னார். நாங்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டினோம். தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துக்கொண்டிருந்த காசியம்மாள் நிமிர்ந்தார்.

"சாமைய மட்டும் உள்ள வுட்டீங்களே சார். அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சு?"

குரலை உயர்த்தவே இல்லை. அவர் கேட்டதில் தவறு எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை; ஆகவே அது திமிர் என்று முடிவு செய்யப்பட்டது. அந்த வாரமே மேலேயுள்ள ஆரம்பப் பள்ளிக்கு மாற்றுப்பணி. உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஆரம்பப் பள்ளிக்கு அனுப்புவதை எங்கள் ஆட்கள் நாடு கடத்துவதாகவே கருதினார்கள். ஒரு ஆசிரியர் கேலியாக, "இனிமே அ, ஆ கத்துக்கலாம்" என்றார். காசியம்மாள் துணிப்பையை எடுத்துக்கொண்டு, "போய்ட்டு வர்றேன் சார்" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் பதில் சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அவரைக் கீழே கூப்பிட்டுக்கொண்டார்கள். மனம் மாறியதால் அல்ல. ஆய்வுக்கு அதிகாரிகள் வரப்போகிறார்கள். எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நாற்பது பட்டங்கள் சேர்ந்தும் ஒரு சாவிக்கொத்தைக் கண்டுபிடிக்க முடியாத பள்ளிக்கூடம் அது. அவர் வந்த நாளில் மதியச் சாப்பாட்டு வேளையில் என் மேசைக்கு வந்தார்.

"சார், மேல போய்தான் எனக்கே புரிஞ்சுது. அறுப்பு வந்தா மேல பள்ளிக்கூடமே அறுப்புக்குப் போவுது. வாத்தியாரும் போறாரு. புள்ளைங்க வந்ததாவே எழுதிக்கிறாரு. அஞ்சு வருசம் அப்படியே பழகிட்டு கீழ வருதுங்க. லீவு லெட்டர்னா இன்னான்னே அதுங்களுக்குத் தெரியாது. அப்பன் ஆத்தாளுக்கும் தெரியாது."

இவ்வளவுதான் விஷயம். வருடாவருடம் மலைப் பிள்ளைகள் படிப்பை விட்டு ஓடுகிறார்கள், அவர்களுக்கு அக்கறை இல்லை என்று நாங்கள் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தோம். மேலேயும் கீழேயும் வேலை பார்த்தவர் அவர் ஒருவர்தான். எங்களில் யாராவது ஒரே ஒரு தடவை மலையேறியிருந்தால் போதும். பஸ் இல்லை என்றோம். ஜீப் குலுக்கும் என்றோம்.

"சின்னப்பொண்ணைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"மொத வேலையா அது வூட்டுக்குத்தான் போனேன். கேட்டைச் சாத்துன கை இதுதாம்மான்னு காட்டுனேன். அது சிரிச்சுது சார். களி போட்டுக் குடுத்துச்சு. திரும்ப வாடின்னு கூப்ட்டேன். கல்யாணம் பேசிட்டாங்க, போ ஆயான்னுச்சு."

பிறகு பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதங்களை எடுத்தார். மூன்றாம் வகுப்போடு நின்ற அவருடைய கையெழுத்து, கோணல்மாணலாக. 'என் பிள்ளைக்கு விடுப்பு அளிக்கக் கோருகிறேன்.' கீழே பெற்றோரின் கைநாட்டு. தேதியும் காரணமும் எழுத இடம் விட்டிருந்தார். ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒவ்வொரு மலைப் பிள்ளைக்கும் மூன்று கடிதம்.

"தலைமையாசிரியர்கிட்ட கேட்டேன் சார். காரணம் சாமை அறுப்புன்னு எழுதலாமான்னு. இது ஸ்கூலா, களத்துமேடான்னு கேட்டாரு. நீங்க காய்ச்சல்னு எழுதிக்கோங்க."

"மாட்டிக்கிட்டா?"

"ஆயா குடுத்தான்னு சொல்லிடுங்க. என்னை இன்னா பண்ணுவாங்க? மேல அனுப்புவாங்க. போய்ட்டு வர்றேன்."

அந்த வருடம் ஒரு பெயரும் நீக்கப்படவில்லை. அடுத்த வருடமும் இல்லை. மூன்றாம் வருடம் ஒரு அதிகாரி பதிவேட்டைப் புரட்டிவிட்டு, இந்த மலைக்கு மட்டும் ஐப்பசிதோறும் காய்ச்சல் வருகிறதே என்று சிரித்தார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

"ஆயா குடுத்தாங்க சார்" என்றேன்.

அவர் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவர் சொல்லிக்கொடுக்காமல் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவரை மறுபடியும் மேலே அனுப்பினார்கள். இந்தத் தடவை நான் கேட்வரை கூடப் போனேன். "விடுங்க சார், அங்க காத்து நல்லா இருக்குது" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு சாப்பிட்டேன், தூங்கினேன், ஊதிய உயர்வும் வாங்கினேன்.

அதன்பிறகும் இரண்டு முறை கீழே கூப்பிட்டு இரண்டு முறை மேலே அனுப்பினார்கள். அவர் எங்கே இருந்தாலும் ஆனி மாதம் கடிதக் கட்டு மட்டும் தவறாமல் வந்துவிடும்; மேலே இருந்தால் பாஷா பாய் கையில். காய்ச்சல் என்று எழுதுவதை விட்டு, அத்தை கல்யாணம், கோயில் திருவிழா, கால் சுளுக்கு என்று மாற்றி மாற்றி எழுதினேன். கல்லூரியில் படித்ததற்கு அந்த ஒரு வேலைக்காவது பயன் இருந்தது. அந்தப் பிள்ளைகளில் சிலர் பத்தாம் வகுப்பு முடித்தார்கள். இருவர் ஆசிரியப் பயிற்சிக்குப் போனார்கள். பள்ளி ஆண்டறிக்கையில் அதைத் தலைமையாசிரியரின் சாதனை என்று அச்சிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். முதல் பாடவேளை முடிந்து தலைமையாசிரியரிடம் போய், இரங்கல் கூட்டம் வைத்துப் பள்ளியை அரைநாள் விடலாமா என்று கேட்டேன்.

"இப்ப அவங்க எலிமெண்டரி ஸ்டாஃப். மேல லீவு விட்டுக்கட்டும்."

மேலேயிருந்து ஒரு சீட்டு வந்திருந்தது. காசியம்மாளின் பணியிடம் உயர்நிலைப் பள்ளியைச் சேர்ந்தது, ஆகவே மாலையும் மரியாதையும் கீழேயிருந்து வரவேண்டும் என்று அங்குள்ள வாத்தியார் எழுதியிருந்தார். அறுப்புக்குக் கதவைச் சாத்தும் மனிதர் இதற்கு விதியைத் தேடியிருக்கிறார். இருபது வருடம் இரண்டு பள்ளிகளும் அவரைப் பங்குபோட்டு வேலை வாங்கின. செத்த பிறகு இரண்டுக்குமே அவர் சொந்தமில்லை. ஆசிரியர் அறையில் ஒருவர், "எந்தக் காசியம்மா?" என்று கேட்டுவிட்டு முறுக்கைக் கடித்தார்.

மத்தியானம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "உங்க கிளாஸ்ல பதினொண்ணு சொல்லாம போயிருக்குதே. லெட்டர் இருக்குதா? இல்லன்னா ஆப்சென்ட் போடுங்க. சடங்கு கிடங்குன்னு வாரக் கணக்குல உக்காந்துட்டா பேரை எடுத்துடலாம்."

அந்த அதிகாரி வந்த காலமாக இருந்திருந்தால் சரி சார் என்றிருப்பேன். வகுப்புக்குப் போய் மேசை இழுப்பறையைத் திறந்தேன். இந்த வருடக் கட்டு நூல் கட்டியபடியே இருந்தது. அறுப்புக்கு இன்னும் நாள் இருந்ததால் பிரிக்கவில்லை. கோணல் எழுத்து இன்னும் கோணலாகியிருந்தது. ஆளுக்கு ஒன்றாகப் பதினொன்றை எடுத்துத் தேதி போட்டேன். காரணம் எழுதும் இடத்தில் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக உண்மையை எழுதினேன். தலைமையாசிரியரின் மேசையில் வைத்தேன்.

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"வீட்டில் சாவு. வீட்டில் சாவு. இன்னாய்யா இது? பதினோரு வூட்லயும் ஒரே நாள்லயா?"

"ஆமா சார். ஒரே சாவுதான்."

"இத யாரு குடுத்தது?"

"நான்தான் சார்."

பன்னிரண்டாவது கடிதத்தையும் வைத்தேன். அது என்னுடையது. காரணம் அதேதான். அவர் அனுமதி கொடுத்தாரா என்று பார்க்க நான் நிற்கவில்லை. பாஷா பாய் இரண்டாம் நடைக்காக வெளியே இன்ஜினை ஓடவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்.

கேட்டைத் தாண்டும்போது பழக்கத்தில் இழுத்துச் சாத்தப் போனேன். கையை எடுத்துக்கொண்டேன். அது திறந்தே கிடக்கிறது, அம்மா. மேலே வந்துகொண்டிருக்கிறேன்.