டேப் அக்காவின் ஒழுங்கான பேய்

“என்னைப் பயமுறுத்துற பேய் இனிமேதான் பொறக்கணும்!”

இந்த வரலாற்றுப் பிரகடனம் ஏழடி ஏணியின் உச்சியிலிருந்து வெளியானது. வாயில் நான்கு ஊசிகளைக் கடித்துக்கொண்டே இவ்வளவு தெளிவாகப் பேசக்கூடியவர் அந்த வட்டாரத்தில் ஒரே ஒருவர்தான். திரைச்சீலைக் கடையில் இருபத்திரண்டு வருடமாக அளவெடுத்து, தைத்து, வீடு வீடாகப் போய் மாட்டிவிட்டு வரும் அவரை எல்லோரும் டேப் அக்கா என்பார்கள். அளவு டேப் அவர் கழுத்தை விட்டு இறங்கியதே இல்லை. அடையாள அட்டைப் படத்தில்கூட அது தொங்குகிறது. படம் எடுத்தவர் அதை ஏதோ புது மாதிரிச் சங்கிலி என்று நினைத்து விட்டுவிட்டார்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டம் பொருத்துகிறவர். எதையும் உற்றுப் பார்த்துத் திருத்தாமல் அவருக்குத் தூக்கம் வராது.

“பேய் எங்கே பொறக்குது? செத்தாத்தானே வருது?”

“அப்ப மொதல்ல சாகட்டும். நான் காத்திருக்கேன்.”

பேய்ப் பேச்சு வந்ததற்குக் காரணம் நகர நூலகத்து வாசலில் ஒட்டியிருந்த ஒரு காகிதம். சிரிக்கவும் வைக்க வேண்டும், பயமுறுத்தவும் வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு குறும்படப் போட்டி. எடுத்த எடுப்பில் யாரும் படம் எடுக்க வேண்டாம். படம் எப்படித் தோன்றும், எந்தச் சூழலில் நடக்கும் என்று இரண்டு பக்கம் எழுதி, ஒரு நிமிட மாதிரிக் காட்சியோடு மூன்று நடுவர்களிடம் நேரில் வந்து சொன்னால் போதும். தேறுகிறவருக்குக் கேமராவும் ஆட்களும் அவர்களே தருவார்கள்.

டேப் அக்காவுக்கு இதில் நீண்டகாலத் தகுதி இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஏணியில் ஏறி நின்று ஜன்னலின் அகலத்தை எழுதும்போதே, எந்த மூலையில் பேய் நின்றால் எடுப்பாக இருக்கும் என்பதையும் மனதில் குறித்துக்கொள்வார். இந்தச் சேவையை வாடிக்கையாளர்கள் யாரும் கேட்டதில்லை.

ஆனால் குறுக்கே நின்றார் நாத்தனார். கணவரின் அக்காவான அவர், தையல் ஆர்டர் பிடிப்பதில் புலி. ஒரு மருத்துவமனையின் தலையணை உறைகளைப் பிடித்து வைத்திருந்தார். வாரத்துக்கு முந்நூறு. எல்லாம் வெள்ளை. எல்லாம் ஒரே அளவு. கடை முடிந்த பிறகும் விடுமுறை நாளிலும் டேப் அக்கா உட்கார்ந்து அடித்தாக வேண்டும்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். உன் பேய் பாஸானா போய்ப் படம் எடு. இல்லேன்னா மெஷின்ல உக்காரு. பேய்க்கும் வெள்ளைதான், உறைக்கும் வெள்ளைதான். என்ன பெரிய வித்தியாசம்?”

“வித்தியாசம் இருக்கு அண்ணி. உறை அடிக்கிறவங்க மெதுவாச் சாவாங்க.”

வேலை ஆரம்பமானது. டேப் அக்கா கடையின் துணி மாதிரிப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்தார். ஒரு மீட்டர் ஜன்னலுக்கு இரண்டரை மீட்டர் துணி விட்டால்தான் மடிப்பு அழகாக விழும் என்பது தொழில் விதி. அதன்படி ஒரு பங்கு பயத்துக்கு இரண்டரைப் பங்கு சிரிப்பு என்று திட்டத்தின் முதல் வரியை எழுதினார். உலகத் திரைக்கலை இவ்வளவு காலம் இந்தக் கணக்குத் தெரியாமலா திண்டாடியது என்று அவருக்கே பரிதாபமாக இருந்தது.

அடுத்து நிறம். காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் கனமான வெல்வெட். அடுத்து, பேய் வீடென்றால் திரைச்சீலை கிழிந்து தொங்க வேண்டும். கத்திரிக்கோலை எடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பதினோரு இடத்தில் கிழித்தார். சொந்தக் கையாலேயே துணியைக் கொன்ற துக்கத்தில் அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை, போனில் படம் பிடிக்க வந்த மகள் திரைச்சீலையைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். பதினோரு கிழிசலும் ஒரே நீளத்தில் இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்துக்கும் நூல் பிரியாமல் ஓவர்லாக் அடித்திருந்தது.

“அம்மா, இது பேய் வீடா? பேய் வீடு விக்கிற ஷோரூமா?”

“நூல் பிரிஞ்சு தொங்கிச்சு. பாக்க நல்லாவா இருந்துச்சு?”

“நல்லா இருக்கக் கூடாதும்மா! அதான் விஷயமே!”

இருந்தாலும் எடுத்தார்கள். கணவர் பயந்தார். பயப்படுவதற்கு முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது, “பயம் வரல. மீட்டர் என்ன விலைன்னு கேக்கத் தோணுது” என்றார் அந்த நேர்மையான மனிதர்.

டேப் அக்கா தையலைப் பிரிக்க உட்கார்ந்தார். மூன்று கண்ணி பிரித்ததும் நிறுத்திவிட்டார்.

“கை கேக்க மாட்டேங்குது. இருபத்திரண்டு வருஷமா நேரா வெச்சு நேரா வெச்சே பழகிடுச்சு. இந்த ஜென்மத்துல ஒரு விளிம்பையும் என்னால கோணலா விட முடியாது. அண்ணிக்கு ஃபோன் போடுங்க. உறையே அடிக்கிறேன்.”

கணவர் ஃபோனைத் தொடாமல் குளிக்கப் போனார். வந்தார். துண்டை நாற்காலியில் எறிந்துவிட்டுச் சட்டையைத் தேடினார். டேப் அக்கா ஜன்னலையே வெறித்தபடி, முகத்தில் உலகத்துச் சோகத்தையெல்லாம் வைத்துக்கொண்டு, அந்தத் துண்டை எடுத்து நான்காக மடித்து, மூலைக்கு மூலை சேர்த்து, நாற்காலியின் நடுவில் வைத்தார்.

“அம்மா,” என்றாள் மகள் மெதுவாக. “இப்ப என்ன பண்ணின?”

“என்ன பண்ணினேன்?”

“துண்டு.”

டேப் அக்கா துண்டைப் பார்த்தார். யார் மடித்தது என்று அவருக்கே தெரியவில்லை.

மகள் துண்டை எடுத்து மறுபடி எறிந்தாள். “இப்ப இந்த ரூம்ல யாருமே இல்லன்னு வெச்சுக்க. அப்பா திரும்பிப் பாக்கறாரு. துண்டு மடிச்சு இருக்கு.”

கணவர் நாற்காலியை விட்டு ஓரடி தள்ளி நின்றார்.

வெல்வெட் மூட்டைக்குள் போனது. பழைய இரண்டு பக்கமும் குப்பைக்குப் போக, புதிய திட்டம் ஒரே மூச்சில் வந்தது. பகல் பதினோரு மணி. பளிச்சென்ற வெயில். சுவர் முதல் சோபா வரை வெளிறிய கோதுமை நிறம். இருட்டு கிடையாது, சிலந்திவலை கிடையாது, ரத்தம் கிடையாது. மனிதன் கோணலாக விடுவதெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் நேராகிக்கொண்டே வரும். இசைக்குப் பதில், கம்பியில் திரைச்சீலை வளையம் நகரும் ‘சரக்’ ஒன்றே ஒன்று. பேய் கடைசிவரை தெரியாது.

ஒன்று குறைந்தது. மூச்சு விடும் மடிப்பு. திரைச்சீலையின் ஒரே ஒரு மடிப்பு மட்டும் உள்ளே போய் வெளியே வர வேண்டும். மின்விசிறி வைத்தால் எல்லா மடிப்பும் ஆடியது. அந்த நேரத்தில், உறை விஷயமாக முடிவு கேட்க மூன்று மாடி ஏறி, புஸ் புஸ்ஸென்று வாசலில் வந்து நின்றார் நாத்தனார்.

“வாங்க அண்ணி, வாங்க! பேசாதீங்க. இப்படி வந்து ஸ்கிரீனுக்குப் பின்னால நில்லுங்க.”

“எதுக்கு?”

“சும்மா நில்லுங்க. மூச்சு மட்டும் விடுங்க.”

நாத்தனார் விட்ட மூச்சில் அந்த மடிப்பு உயிர் பெற்றது. அரை மணி நேரம் நின்றவர், வெளியே வந்து காட்சியைப் பார்த்துவிட்டு, “சும்மா மூச்சு விட்டதுக்கே இவ்வளவு நல்லா வந்திருக்கே, நடிச்சிருந்தா?” என்று கேட்டார். இருந்தாலும் கெடு கெடுதான், வெள்ளிக்கிழமைதான் என்று சொல்லிவிட்டே இறங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை நூலக அறையில் டேப் அக்கா நின்று திட்டத்தைச் சொன்ன அழகைப் பார்த்திருக்க வேண்டும். ஜன்னலுக்கு விலை சொல்கிற அதே குரல்.

“ரத்தமே இல்லையா?” என்றார் ஒரு நடுவர்.

“ரத்தம் பட்டா கறை போகாதுங்க.”

“பேய் ஏன் பகல்ல வருது?”

“ராத்திரி வந்தா தூசி இருக்குதான்னு எப்படிப் பாக்கும்?”

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாதிரிக் காட்சியைப் போடச் சொன்னார்கள். விளக்கை அணைத்தார்கள்.

திரையில் கணவர் துண்டை எறிந்தார். துண்டு மடிந்தது. கலைத்தார். மறுபடி மடிந்தது. ஒரு மடிப்பு மூச்சு விட்டது. அவர் பின்வாங்கிக் குனிந்து பார்த்தபோது, துளை மாறிப் போட்டிருந்த சட்டைப் பொத்தான்கள் எல்லாம் சரியான துளையில் இருந்தன.

விளக்குப் போட்டதும் கணவர் பெருமையோடு பக்கத்தில் திரும்பினார். டேப் அக்காவின் நாற்காலி காலி. தாழ்வாரத்தின் கடைசியில், பெண்கள் கழிப்பறைக்குள் குழாய் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“உள்ள இருக்கியா?”

குழாய் நின்றது. “முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“யாராவது சிரிச்சாங்களா?”

“நடுவுல இருந்த நடுவர் அம்மா மொதல்ல கத்தினாங்க. அப்புறம்தான் சிரிச்சாங்க. இன்னும் நிறுத்தல.”

“பொய் சொல்றீங்க.”

“உறைக்கு வேற ஆள் பாக்கச் சொல்லி அக்காவுக்கு ஃபோன் போட்டாச்சு. நடுவருங்க எந்தத் தேதியில கேமரா வேணும்னு கேக்கறாங்க, வா.”

குழாய் மறுபடி ஓடி நின்றது.

“ஏங்க, தனியா வர முடியல. உள்ள வந்து கூட்டிட்டுப் போங்களேன்.”

“இது லேடீஸ் பாத்ரூம்.”

“அப்ப அங்கேயே நில்லுங்க. போயிடாதீங்க.”

கதவு நாலு விரற்கடை திறந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்தது. கணவர் பிடித்துக்கொண்டார். பேய்க்குப் பயப்படாத ஒரு கை வெறும் குழாய்த் தண்ணீரால் அவ்வளவு ஜில்லென்று ஆகாது.