ரந்தாவ் எடைமேடையில் காணாமல் போன லாக்

1. மூன்று லோரி

மலேசியாவில் ரந்தாவ் பக்கம் ஒரு செம்பனை ஆலை. பழ லோரிகளை நிறுக்கும் எடைமேடைக்குச் சரோஜா அக்காதான் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. அங்கே இருந்த சாப்ட்வேரைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நான். ஒரு நாள் காலையில் மேனேஜர் கூப்பிட்டார்.

"நேத்து மழையில வந்த மூணு லோரிக்கு டிரைவர் கையில எடை டிக்கெட் இருக்கு, சிஸ்டத்துல வெயிட் இல்ல. சரோஜாதான் அழிச்சிருக்கணும். லாக்ல வேற காரணம் இருந்தா காட்டுங்க. இல்லன்னா அவங்கள வேலைய விட்டு நிப்பாட்டிருவேன்."

சாப்ட்வேர் தான் செய்ததையெல்லாம் வரிவரியாக எழுதிவைக்கும் கோப்புதான் லாக். எங்கே எழுதுவது, எவ்வளவு விவரமாக எழுதுவது என்பதை LOG_FILE, LOG_LEVEL என்ற இரண்டு என்விரோன்மென்ட் வேரியபிளில், அதாவது சாப்ட்வேர் தொடங்கும்போது படித்துக்கொள்ளும் செட்டிங்கில், நானே செட் செய்திருந்தேன். தைரியமாகக் கோப்பைத் திறந்தேன். கடைசி வரி எழுதி மூன்று வாரம் ஆகியிருந்தது.

"மூணு வாரத்துக்கு முந்தி லாக் நின்ன அன்னிக்கு என்னக்கா பண்ணீங்க?"

"இடி இடிச்சிச்சு தம்பி. ஷட்டவுன் பண்ணிட்டு பிளக்க புடுங்கிட்டேன். எஸ்டேட்ல எல்லாரும் அப்படித்தான லா."

அந்த செட்டிங்கை நான் கமாண்ட் விண்டோவில் மட்டும் கொடுத்திருந்தேன். மெஷினை அணைத்தால் அந்த விண்டோவோடு அதுவும் போய்விடும். மறுநாள் சாப்ட்வேர் பழையபடி ஓடியது, லாக் மட்டும் எழுதவில்லை. இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கும் வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். இருந்தும் மெஷினை அணைத்தால் என்ன ஆகும் என்று தோன்றவில்லை.

"லாக் இல்லாததுக்கு நான்தான் காரணம் பாஸ். ஒரு வாரம் டைம் கொடுங்க," என்றேன். முனகிக்கொண்டே கொடுத்தார்.

2. அடுத்த மழை

இந்த முறை, மெஷினை அணைத்தாலும் அழியாத சிஸ்டம் வேரியபிளாகவே போட்டேன். மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மறுபடி போட்டு, லாக் எழுதுகிறதா என்று பார்த்தேன். முதல் முறையே செய்திருக்க வேண்டிய வேலை. தினமும் அக்கா எனக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தார். ஒரு குறையும் சொல்லவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் மழை கொட்டியது. மறுபடி இரண்டு லோரியின் எடை சிஸ்டத்தில் இல்லை. லாக்கில் இருந்தது: டிக்கெட் அச்சானது, நெட்வொர்க் அறுந்தது, எடை சர்வருக்குப் போகவில்லை. அழித்ததாக ஒரு வரிகூட இல்லை.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "சாரி லா, சரோஜா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பதினெட்டு வருஷமா இங்கதான இருக்கேன் பாஸ். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

மேனேஜரிடம்தான் சொன்னார். ஆனால் அந்த நான்கு நாளும், ஒருவேளை அக்காதான் அழித்தாரோ என்று நானும் உள்ளுக்குள் நினைத்திருந்தேன். அவர் கொடுத்த கோப்பியைக் குடித்துக்கொண்டே நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

இப்போது எந்த ஆலையில் எது காணோம் என்றாலும், முதலில் கிராணியின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்கிறேன். லாக்கைப் பிறகுதான் திறக்கிறேன்.